சிறுசேரி வேலைக்கு எலெக்ட்ரிக் கார்: கம்பெனி லீசில் எடுக்கலாமா? ஷோரூமில் எப்படிப் பேசுவது?

காலடிப்பேட்டை_வாசி:

வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். வேலை சிறுசேரி சிப்காட்டில். ஒரு வழி 42 கிலோமீட்டர். மதியம் ஒன்றரைக்கு ஷிப்ட் தொடங்கி இரவு பத்தரைக்கு முடியும். போகும்போது மெட்ரோவில் சின்னமலை வரை போய், அப்புறம் ஓஎம்ஆர் பஸ் பிடித்து எப்படியோ சேர்ந்துவிடுகிறேன். திரும்பி வருவதுதான் கஷ்டம். கம்பெனி கேப் உண்டு. ஆனால் வழியில் நாலு பேரை இறக்கிவிட்டு வர வேண்டும். வடசென்னைக்கு நான் ஒருத்திதான் என்பதால் தினமும் கடைசியாக இறங்குவது நான். வீடு வந்து சேர மணி ஒன்றாகிவிடும். பையன் ஆறாவது படிக்கிறான். காலையில் அவனை எழுப்பிச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதெல்லாம் அம்மாதான். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏறி இறங்கவே சிரமப்படுகிறார். நானே ஓட்டிக்கொண்டு வந்தால் பதினொன்றே முக்காலுக்குள் வீட்டில் இருப்பேன். ஆறரைக்கு எழுந்து பையனை நானே அனுப்பிவிடலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீட்டை அந்தப் பக்கம் மாற்றச் சொல்லாதீர்கள். இது சொந்த வீடு, அம்மாவுக்கு வைத்தியம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், பையன் பள்ளியும் இங்கேதான்.

எங்கள் கம்பெனியில் கார் லீஸ் திட்டம் இருக்கிறது. தினம் 84 கி.மீ. ஓட்டப் பெட்ரோல் கார் கட்டுப்படியாகாது என்பதால் டியாகோ இவியில் 24 யூனிட் பேட்டரி வண்டியை மனதில் வைத்திருக்கிறேன். லீஸ் நிறுவனம் கொடுத்த கணக்கு இது: மாதம் 22,400 ரூபாய், 48 மாதம், ஆண்டுக்கு 15,000 கி.மீ. அதற்கு மேல் ஓடினால் கி.மீ.க்கு 6 ரூபாய். முன்பணம் கிடையாது. இன்ஷூரன்சும் சர்வீசும் இதிலேயே அடக்கம். மாடி கட்டிய கடன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் முன்பணம் இல்லை என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அம்மாவிடம் லீஸ் என்று சொன்னதும், “அப்போ நாலு வருஷம் கழிச்சுப் பணம் மொத்தமா திரும்பி வருமா?” என்று கேட்டார். நம் பக்கம் லீஸ் வீடு என்றால் ஒத்திக்கு எடுப்பதுதானே. இது வாடகை, பணம் திரும்பாது, கடைசியில் வண்டியும் நம்முடையது இல்லை என்று சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. எனக்கும் அன்றிலிருந்து சந்தேகம்.

ஷோரூம் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு கம்பெனிகளின் மூன்று ஷோரூம்களுக்குப் போனேன். முதல் இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்ட கேள்வி, “சார் வரலையா மேடம்?” டெஸ்ட் டிரைவ் கேட்டதற்கு, “சாரோட வாங்க, ரெண்டு பேரும் பார்த்துடலாம்” என்றார்கள். சம்பளம் என்னுடையது, ஓட்டப்போவதும் நான். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் லீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதுமே பேசிக்கொண்டிருந்தவருக்கு ஆர்வம் போய்விட்டது. “லீஸ் வேஸ்ட் மேடம், லோன் போடுங்க, ஒன்றரை லட்சம் வரை வட்டிக்கு வரிச் சலுகை இருக்கு” என்றார். மூன்றாவது இடத்தில் கொட்டேஷன் கொடுத்தார்கள். அதில் ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500, ஆக்சஸரீஸ் கிட் 18,000, இன்ஷூரன்ஸ் 52,000. அதே ஐடிவிக்கு (இன்ஷூரன்சில் வண்டிக்குப் போடுகிற மதிப்பு), அதே ஜீரோ டெப்புக்கு (தேய்மானம் கழிக்காமல் கிளைம் தருகிற கவர்) ஆன்லைனில் 34,000 காட்டியது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் முந்நூறு கி.மீ. ஓடும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். இன்று இரவுக்குள் 21,000 கட்டிப் புக் செய்தால்தான் இந்தத் தள்ளுபடி என்று வாசல் வரை வந்து சொன்னார்கள்.

இவ்வளவு ஓட்டத்துக்கு லீஸ் சரிதானா, லோன் மேலா? லீஸ் எடுத்தால் ஷோரூமில் பேரம் பேச வேண்டியது நானா, லீஸ் நிறுவனமா? வீடு 1988இல் கட்டியது, போர்ட்டிகோவில் ஒரு கார் நிற்கும். அங்கே சார்ஜ் போட முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு எங்கள் தெருவில் முட்டி அளவு தண்ணீர் நின்றது. அதையும் நினைத்தால் பயமாக இருக்கிறது.

மூலக்கடை_சிக்னல்:

அக்கா, இதே வண்டி, இதே மாதிரி கம்பெனி லீஸ். 31 மாதமாக ஓட்டுகிறேன். வீடு மூலக்கடை பக்கம், வேலை ஸ்ரீபெரும்புதூரில். போக வர 88 கி.மீ. உங்கள் கணக்கும் என் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் நான் எங்கே தவறினேன் என்பதை முதலில் சொல்கிறேன்.

மாத வாடகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் ஆண்டுக்கு 15,000 கி.மீ. திட்டம்தான் கொடுத்தார்கள். “எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள்” என்றார்கள். எல்லாரும் என்றால் சோழிங்கநல்லூரில் இருந்துகொண்டு சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவர்கள். நான் மாதம் 1,900க்கு மேல் ஓட்டுகிறேன். 48 மாதத்துக்கு அனுமதித்த 60,000 கி.மீ. இந்த 31ஆம் மாதத்தில் முடிந்துவிட்டது. மீதி 17 மாதமும் வேலைக்குப் போகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 ரூபாய். கூட்டிப் பார்த்தால் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதை நினைத்துப் பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறது.

உங்களுக்குப் போடுங்கள். 84 கி.மீ., மாதம் 22 நாள், ஆண்டுக்கு 22,000. ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாமல் இருந்தாலும் ஆண்டுக்கு 7,000 கி.மீ. அதிகம், நாலு ஆண்டில் 28,000. கி.மீ.க்கு 6 ரூபாய் என்றால் கடைசி நாளில் 1,68,000 ரூபாய் கேட்பார்கள். அதனால் 25,000 கி.மீ. திட்டத்துக்கு வாடகை கேளுங்கள். மாதம் 2,000 கூடினாலும் 48 மாதத்துக்கு 96,000தான். அதுவும் முதல் நாளிலேயே தெரிந்த செலவு.

என் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, ரொம்பத் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. முடிவில் வண்டியை நானே எச்ச மதிப்புக்கு (லீஸ் முடியும்போது வண்டிக்கு அவர்கள் வைக்கிற விலை) வாங்கிக்கொண்டால் அதிக கி.மீ. கட்டணம் கிடையாது. அதனால் நான் வாங்கத்தான் போகிறேன். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி இருப்பதால் அதில் பெரிய பயம் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா, எச்ச மதிப்பு எவ்வளவு என்று தொகையாகவே எழுதியிருக்கிறதா பாருங்கள். “அன்றைய சந்தை விலைக்கு” என்று மட்டும் இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது வேலை. என்னோடு லீஸ் எடுத்த ஒருவர் 14ஆம் மாதத்தில் வேறு கம்பெனிக்கு மாறினார். புதிய கம்பெனிக்கு அந்த லீஸ் நிறுவனத்தோடு தொடர்பு இல்லை. முன்கூட்டியே முடிக்கிற கட்டணம் முழுவதையும் அவருடைய கடைசி செட்டில்மென்ட்டில் பிடித்துக்கொண்டார்கள். கிராமத்தில் வீடு கட்ட வைத்திருந்த பணம் அது. நீங்களாக வேலையை விட்டால் என்ன, கம்பெனி உங்களை நிறுத்தினால் என்ன என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் மெயிலில் வர வேண்டும். போனில் சொல்வதை நம்பாதீர்கள்.

வெள்ளம் பற்றிக் கேட்டீர்கள். பேட்டரிப் பெட்டி ஐபி67 தரம். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துச் சோதிக்கிற தரம் அது. அதற்காகத் தண்ணீரில் ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை. உள்ளே மற்ற வயரிங், சீட், கார்பெட் எல்லாம் சாதாரண கார் மாதிரிதான். லீஸ் வண்டியில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வண்டி மொத்தமாகப் போய்விட்டால் இன்ஷூரன்ஸ் பணம் லீஸ் நிறுவனத்துக்குப் போகும். ஐடிவிக்கும் அவர்கள் கணக்கில் நிற்கிற பாக்கிக்கும் இடையில் குறைந்தால் அதை நம்மிடம் கேட்பார்கள். அதனால் பாலிசியில் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் கவர், அதாவது வண்டி மொத்தமாகப் போனால் பில் விலையையே தருகிற கவர், இருக்கிறதா என்று பாலிசித் தாளையே வாங்கிப் பாருங்கள். “ஃபுல் கவர் மேடம்” என்று சொல்வதில் அது அடங்கியிருக்காது. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் இதை விடவே கூடாது.

இனி நல்ல செய்தி. ஏசி போட்டு எண்பதில் போனால் எனக்கு 190 முதல் 200 கி.மீ. வருகிறது. நூறைத் தாண்டி ஓட்டினால் 160க்கு இறங்கிவிடும். ஷோரூமில் சொல்கிற முந்நூறு, எம்ஐடிசி என்கிற சோதனை முறையில் சோதனைக்கூடத்தில் அளந்தது. அது கத்திப்பாரா நெரிசலிலோ கடற்கரைச் சாலையிலோ அளந்தது இல்லை. ஆனாலும் உங்களுக்கு 84தானே, பாதி பேட்டரிகூடத் தீராது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வரிசையில் மாட்டினாலும் நிற்கிற வண்டி மோட்டாருக்குச் செலவு செய்யாது, ஏசிக்கு மட்டும்தான்.

வரி விஷயத்தில் அந்த எக்ஸிகியூட்டிவ் சொன்னது பழைய கதை. 80இஇபி பிரிவில் வட்டிக்கு ஒன்றரை லட்சம் கழிவு இருந்தது உண்மை. ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடனுக்கு மட்டும்தான் அது. இன்றைக்குப் போடுகிற லோனுக்குக் கிடையாது. கம்பெனி லீசில் வாடகையை வரிக்கு முந்தைய சம்பளத்தில் பிடிப்பார்கள், கார் வசதிக்கென்று ஒரு சிறு தொகையை மட்டும் வருமானத்தில் சேர்ப்பார்கள். உங்கள் வரி வரம்பு 30 சதவீதம் என்றால் லீஸ் லாபம். 10, 15 என்றால் லோனையும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஹெச்.ஆரிடம் உங்கள் சம்பளத்தை வைத்தே இரண்டு மாதிரிச் சம்பளச் சீட்டு கேளுங்கள், லீஸ் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று. அந்த இரண்டு தாளில் எல்லாம் தெரிந்துவிடும். வாடகைக்கு மேல் ஜிஎஸ்டி தனியா என்றும் கேட்டுவிடுங்கள்.

டோல்கேட்_வயர்மேன்:

லீஸ், வரி எல்லாம் எனக்குத் தெரியாத சமாச்சாரம். வயரிங் சொல்கிறேன் தங்கச்சி. திருவொற்றியூர், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் 26 வருஷமாக வேலை செய்கிறேன். கார் சார்ஜிங் பாயிண்ட் மட்டும் இதுவரை நாற்பது வீட்டுக்கு மேல் போட்டிருக்கிறேன்.

1988 வீடு என்றால் முதலில் எர்த் பாருங்கள். நம் பக்கம் பழைய வீடுகளில் எர்த் வயர் ஒன்று இருக்கும், அது போய்ச் சேர்கிற இடத்தில் ஒன்றும் இருக்காது. சில வீட்டில் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அந்தக் குழாயைப் பிறகு பிளாஸ்டிக்காக மாற்றியிருப்பார்கள். ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் எர்த் இல்லாமலே ஓடிவிடும், அதனால் யாருக்கும் தெரியாது. கார் சார்ஜர் அப்படி இல்லை. எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். ஷோரூமில் சார்ஜர் பழுது என்பார்கள், வண்டி பழுது என்பார்கள், நாலு நாள் அலைய விடுவார்கள். பழுது நம் மண்ணில் இருக்கும்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கடலோரத் தெருக்களில் 15, 20 காட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். உப்பு மண்ணில் இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துப் போகும். அதனால் காப்பர் பூசிய ராடு போட்டு, பிட் (எர்த் குழி) மூடியைத் திறந்து பார்க்கிற மாதிரி வையுங்கள். மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள், நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

மீட்டர் போர்டிலிருந்து கார் நிற்கிற இடத்துக்கு 4 ஸ்கொயர் காப்பர் வயர் தனியாக இழுக்க வேண்டும். தனி 20 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினால் தானே விழுகிற சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் நிறுத்துகிற சுவிட்ச்). இஸ்திரிப் பெட்டியும் 15 ஆம்ப் பிளக்தானே என்று சிலர் கேட்பார்கள். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிஷம் ஓடும், கார் நாலு மணி நேரம் நிறுத்தாமல் இழுக்கும். பழைய வயர் சூடாகி சுவருக்குள்ளேயே உருகிவிடும். நான் பார்த்ததைச் சொல்கிறேன், பயமுறுத்தவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

ஷோரூமில் 7.2 கிலோவாட் வால் சார்ஜரை வாங்கச் சொல்வார்கள். உங்களுக்குத் தேவையே இல்லை. 84 கி.மீ.க்குச் சேதாரத்தோடு பத்து, பதினோரு யூனிட் ஆகும். 3.3 கிலோவாட்டில் நாலு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். பன்னிரண்டு மணிக்குச் செருகினால் விடிவதற்குள் முடிந்தது. உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று மட்டும் ஈபி பில்லில் பாருங்கள். 2 என்று இருந்தால் கூட்டச் சொல்லி மனு போடுங்கள்.

பில் பற்றியும் யாரும் சொல்வதில்லை. இரண்டு மாதத்துக்கு உங்கள் கார் மட்டும் 480 யூனிட் போல் இழுக்கும். வீட்டுக்கு 340 என்று வைத்தால் மொத்தம் 820. ஐந்நூறைத் தாண்டினாலே கணக்கு மாறிவிடும், நடுவில் கிடைக்கிற குறைந்த விலை யூனிட் போய்விடும். 500க்கு மேல் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், 600க்கு மேல் ஒன்பதுக்கு மேல். 900 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த வீடு 5,000 கட்டும். பெட்ரோலோடு பார்த்தால் இது கால்வாசிகூட வராது, ஆனாலும் முதல் பில் வந்ததும் மீட்டர் ஓடுகிறது என்று என்னைக் கூப்பிடாதவர்கள் குறைவு. முன்னாலேயே தெரிந்திருக்கட்டும்.

சாக்கெட் உயரம் முக்கியம். மிக்ஜாமில் உங்கள் போர்ட்டிகோ சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் தெரியும். அதற்கு மேல் இரண்டு அடி விட்டு மாட்டுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தால் முதலில் எம்சிபியை இறக்குங்கள், அப்புறம் வண்டியை மேடான இடத்துக்கு எடுங்கள்.

ரெட்டேரி_காற்று:

லீசுக்குப் பதில் பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கிற முறையையும் பாருங்கள். 2024 செப்டம்பரில் எம்ஜி கம்பெனியின் வின்ட்சர் இவி வந்தபோது வண்டி 9.99 லட்சம், பேட்டரிக்கு கி.மீ.க்கு 3.50 ரூபாய் என்று அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் அதை யோசித்து விட்டுவிட்டோம். எங்கள் ஓட்டம் மாதம் 600 கி.மீ.தான், குறைந்தது 1,500 கி.மீ.க்குக் காசு கட்ட வேண்டும் என்றார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் 22,000 கி.மீ.க்கு ஆண்டுக்கு 77,000 ரூபாய் பேட்டரி வாடகையே ஆகிறது. கரண்ட் பில், வண்டிக் கடனின் தவணை எல்லாம் தனி. அதிகம் ஓட்டுபவர்களுக்கு ஒத்துவராது என்றுதான் எனக்குப் படுகிறது.

பெரம்பூர்_லோகோ:

ஆறு வருஷம் ஒரு கார் ஷோரூமில் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தேன். இப்போது வேறு வேலை. “சார் வரலையா” என்று உங்களிடம் கேட்டது எனக்குப் புதிதில்லை. நாங்கள் நிரப்புகிற விசிட்டர் படிவத்திலேயே ‘முடிவெடுப்பவர் வந்தாரா’ என்று ஒரு கட்டம் இருந்தது. பெண் தனியாக வந்தால் அதில் ‘இல்லை’ என்று எழுதுவார்கள். நான் இருந்தவரை அதை மாற்றச் சொல்லிப் பார்த்தேன், மாற்றவில்லை. நீங்கள் எழுந்து வந்தது சரி.

லீஸ் என்றதும் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்றால், வண்டி விற்பதில் கிடைப்பதைவிட லோனிலும் இன்ஷூரன்சிலும் ஆக்சஸரீசிலும்தான் ஷோரூமுக்கும் எக்ஸிகியூட்டிவுக்கும் காசு. கம்பெனி லீசில் இந்த மூன்றும் போய்விடும். பில் லீஸ் நிறுவனத்தின் பெயரில் போடப்படும், இன்ஷூரன்சை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதனால்தான் உங்களை லோனுக்குத் திருப்பப் பார்க்கிறார்கள்.

பேரம் யார் பேசுவது என்று கேட்டீர்கள். நீங்கள் பேசலாம், பேசவும் வேண்டும். உங்கள் வாடகை வண்டியின் பில் தொகையை வைத்துத்தான் போடப்படுகிறது. லீஸ் நிறுவனம் தனக்கு வழக்கமான ஷோரூமில் ஒரு விலை வாங்கி அதைக் கணக்கில் வைத்திருக்கும். நீங்கள் இரண்டு இடத்தில் எக்ஸ்ஷோரூம் விலை, தள்ளுபடி இரண்டையும் மெயிலில் வாங்கி, குறைவானதை அவர்களுக்கு அனுப்புங்கள். அந்த விலைக்கு வாங்கினால் வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். கேட்காவிட்டால் அந்தத் தள்ளுபடி உங்களிடம் வந்து சேராது. கிடைக்கும் தள்ளுபடி 40,000 என்றால் வாடகையில் மாதம் எண்ணூறு ரூபாய் போல் குறைய வேண்டும்.

லீஸ் நிறுவனத்தின் பர்ச்சேஸ் ஆர்டர் ஷோரூமுக்குப் போகும்முன் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இன்று இரவோடு முடிகிற தள்ளுபடி நாளைக் காலையிலும் இருக்கும், மாதக் கடைசியில் கூடவே கூடும். ஹேண்ட்லிங் சார்ஜ் கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கேட்டால் எந்த விதிப்படி என்று மெயிலில் எழுதச் சொல்லுங்கள், அத்தோடு அந்த வரி கொட்டேஷனிலிருந்து மறைந்துவிடும். லோனில் வாங்குவதானாலும் இன்ஷூரன்சை எங்கே வேண்டுமானாலும் நீங்கள் எடுக்கலாம். புதிய காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், மின்சாரக் காருக்கு அதில் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. உங்களுக்குக் காட்டிய 52,000க்கும் 34,000க்கும் உள்ள வித்தியாசம் சொந்தச் சேதப் பகுதியில்தான் இருக்கும். அந்த இடைவெளியை நிரப்புகிற வேலையைத்தான் ஆறு வருஷம் செய்தேன். நன்றாகத் தெரியும்.

சாலை வரியும் பாருங்கள். தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கையில் முழு விலக்குக் கொடுத்தார்கள், அந்தச் சலுகைக்கு ஆணையில் தேதி உண்டு. பதிவு நாளில் நடப்பில் இருக்கிற ஆணைப்படி வரி கிடையாது என்றால், லீஸ் கணக்கிலும் அது இருக்கக் கூடாது. வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வாங்கிக் கட்டுகிற வருமான வரி) பிடிப்பார்கள். லோனில் வாங்கினால் அதை உங்கள் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். லீசில் அது அவர்கள் கணக்கு, உங்களிடம் வாங்கக் கூடாது.

டெலிவரிக்கு முன் வண்டியை யார்டிலேயே போய்ப் பாருங்கள். ஷோரூம் தருகிற விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் தயாரிப்பு மாதம், ஆண்டு இருக்கும். மின்சார வண்டி மாதக்கணக்கில் வெயிலில் நின்றிருந்தால் சின்ன 12 வோல்ட் பேட்டரி சோர்ந்திருக்கும், டயரும் ஒரே பக்கம் அழுந்தியிருக்கும். ஓடோமீட்டரில் நூறு கி.மீ.க்கு மேல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நம்பர் பலகை பச்சையில் வெள்ளை எழுத்தாக இருக்க வேண்டும். மஞ்சள் எழுத்து என்றால் அது வாடகை வண்டிப் பதிவு.

காலடிப்பேட்டை_வாசி:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு பதிலையும் அச்சடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

ஹெச்.ஆரிடம் இரண்டு சம்பளச் சீட்டும் கேட்டு வாங்கினேன். நான் 30 சதவீத வரம்பில் இருப்பதால் லீசில்தான் கையில் அதிகம் நிற்கிறது. 25,000 கி.மீ. திட்டத்துக்கு முதலில் 24,600 சொன்னார்கள். நாலாவதாகப் போன ஒரு ஷோரூம் மெயிலில் கொடுத்த விலையை அனுப்பினேன், 23,900க்கு வந்தார்கள். அந்தக் கொட்டேஷனில் ஹேண்ட்லிங் சார்ஜும் இல்லை, ஆக்சஸரீஸ் கிட்டும் இல்லை. அங்கே பேசியவர் என்னிடம் முதலில் கேட்டது, “தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?” என்பதுதான். டெஸ்ட் டிரைவுக்கு நான் கேட்ட வழியிலேயே விட்டார். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகளுக்கு நடுவில் காசிமேடு வரை போய், ராயபுரம் சுற்றித் திரும்பினேன். 26 கி.மீ., ஏசியோடு. 81 சதவீதத்தில் கிளம்பி 68இல் முடிந்தது. மூலக்கடை தம்பி சொன்ன 200 சரியாக இருக்கிறது.

எச்ச மதிப்பு ஒப்பந்தத்தில் தொகையாகவே இருக்கிறது. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் இல்லை. சேர்க்கச் சொன்னேன், மாதம் 210 ரூபாய் கூடும் என்றார்கள், சரி என்றேன். வேலையை நானாக விட்டால் என்ன என்பதற்குப் பட்டியலோடு பதில் வந்துவிட்டது. கம்பெனியே நிறுத்தினால் என்ன என்பதற்கு மட்டும், “அப்படியெல்லாம் நடக்காது மேடம்” என்று போனில் சொல்கிறார்கள். மெயிலில் கேட்டு ஆறு நாளாகிறது. இரண்டு தடவை நினைவூட்டியும் பதில் இல்லை. அது எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போட மாட்டேன். பையனுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன், தினமும் கேட்கிறான்.

வயர்மேன் அண்ணா, நீங்கள் சொன்னபடி அளக்கச் சொன்னேன். 17 வோல்ட். எர்த் வயர் தோட்டத்துப் பக்கம் போய், அங்கே மண்ணுக்குள் ஒரு அடியில் அறுந்து கிடந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் எர்த் இல்லாத வீட்டில்தான் அம்மா ஈரக் கையோடு கிரைண்டர் போட்டுக்கொண்டிருந்தார். கார் வந்தாலும் வராவிட்டாலும் இது இருக்கட்டும் என்று புது பிட் தோண்டி, காப்பர் ராடு இறக்கிவிட்டோம். இப்போது 1.4 காட்டுகிறது. சாக்கெட்டும் மாட்டியாகிவிட்டது, மிக்ஜாம் கறைக்கு மேல் இரண்டு அடி விட்டு.

ஒரே ஒரு சந்தேகம். பிட்டில் தண்ணீர் வாரம் ஒருமுறை ஊற்றினால் போதுமா, வெயில் காலத்தில் இன்னும் அடிக்கடி ஊற்ற வேண்டுமா?

டோல்கேட்_வயர்மேன்:

சித்திரை, வைகாசியில் மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒரு பக்கெட். மற்ற மாதங்களில் வாரம் ஒன்று போதும் தங்கச்சி. வருஷத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால் மீட்டர் வைத்து அளந்து அந்த எண்ணை மீட்டர் பெட்டிக் கதவில் எழுதி வையுங்கள்.